பொதுத்திரையும் பூட்டும்

பாடம் 6 – உரைநடை

கற்றல் நோக்கங்கள்

• பலர் பயன்படுத்தும் கணினியில் திரையமைப்பை மாற்றுவதற்கு ஏன் வரம்பு வைக்கப்படுகிறது என்பதை அறிதல்.
• அவ்வரம்பு எதுவரை செல்லலாம் என்பதைக் காரணத்துடன் எடுத்துரைத்தல்.
• கணினி சார்ந்த தமிழ்க் கலைச்சொற்களைப் பொருளறிந்து பயன்படுத்துதல்.
• வியங்கோள் வினைமுற்றைக் கொண்டு அறிவிப்பு எழுதுதல்.

நுழையும்முன்

பள்ளிக் கணினி அறையில் உள்ள ஒரு கணினியை ஒரே நாளில் பல வகுப்பு மாணவர்கள் பயன்படுத்துகின்றனர். அதன் பின்னணிப் படத்தை மாற்ற முயன்றால், ‘இதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை’ என்னும் பொருளில் ஒரு செய்தி தோன்றுவதை நீங்கள் கண்டிருக்கலாம். கணினி பழுதாகிவிட்டது என்று சிலர் எண்ணுவர். ஆசிரியர் நம்மை நம்பவில்லை என்று சிலர் வருந்துவர். இரண்டும் சரியல்ல. அந்தப் பூட்டு யாருக்காக இடப்படுகிறது, எதைப் பூட்டலாம், எதைப் பூட்டலாகாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஏரியும் மடையும்

தமிழகத்தில் ஏரிப்பாசனம் நடைபெறும் ஊர்களில் நீர்க்கட்டி என்பவர் ஒருவர் இருப்பார். சில ஊர்களில் அவரை நீர்பாய்ச்சி என்றும் அழைப்பர். ஏரியின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவருடைய பொறுப்பு. எந்த வயலுக்கு எப்பொழுது நீர் பாய வேண்டும் என்பதை ஊரார் கூடி முடிவு செய்வர். நீர்க்கட்டி அம்முடிவை நிறைவேற்றுவார். அறுவடைக் காலத்தில் அவருக்குக் கூலியாக நெல் அளப்பர். நீர் குறைந்த காலத்தில் ஒவ்வொரு வயலுக்கும் முறைவைத்துப் பாய்ச்சுவர்.

மடையின்மீது கைவைக்க மற்றவர்க்கு உரிமை இல்லை. அதனால் ஏரி நீர்க்கட்டியின் சொத்தாகிவிடுமா? ஆகாது. நீர் ஊராருடையது; மடை மட்டுமே அவர் பொறுப்பில் உள்ளது. தலைமடையில் நிலம் உடையவர் தம் விருப்பம்போல் மடையைத் திறந்துகொண்டால், கடைமடையில் உள்ளவரின் பயிர் வாடும். அந்தக் கடைமடைப் பயிரைக் காப்பதற்காகவே கட்டுப்பாடு ஏற்பட்டது. அதே வேளையில், தம் வயலுக்கு நீர் வரவில்லை என்று ஒருவர் முறையிட்டால் அதனைக் கேட்டு ஆவன செய்வதும் நீர்க்கட்டியின் கடமையே. காத்தல், கொடுத்தல் என்னும் இவ்விரு கடமைகளும் பொதுக்கணினியின் பொறுப்பாளருக்கும் உண்டு.

கணினி பொதுப்பொருளாக வந்தது

கணினியும் தொடக்கக் காலத்தில் ஏரியைப் போலப் பலருக்கும் பொதுவான பொருளாகவே இருந்தது. நாம் வாழும் கொல்கத்தாவில், பாரக்பூர் நெடுஞ்சாலையில், பராநகர்ப் பகுதியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அமைந்துள்ளது. 1931-ஆம் ஆண்டு பிரசாந்த சந்திர மகலனோபிஸ் இதனை நிறுவினார். 1955-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி. 2எம் என்னும் கணினி இங்கு வந்து சேர்ந்தது. இந்தியாவில் நிறுவப்பெற்ற முதல் மின்னணுக் கணினி அதுவே. துளையிட்ட அட்டைகளின் வழியே அதனுள் கணக்குகள் செலுத்தப்பட்டன. அதன் நினைவகமாகிய காந்த உருளையில் 1024 எண்களை வைப்பதற்கே இடம் இருந்தது. இன்று நம் கையில் உள்ள அலைபேசியோடு அதனை ஒப்பிடவே இயலாது. ஆயினும், நாட்டுக்கே அரிய பொருளாக அது விளங்கியது.

ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை, 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து காட்டப்பட்டது. பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவர் அக்குழுவை வழிநடத்தினார். ஒருவர் கோப்பில் மற்றவர் கைவைக்காதிருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. நாம் நாள்தோறும் தட்டச்சு செய்யும் கடவுச்சொல், இவ்வாறு ஒரு பொதுக்கணினியின் தேவையிலிருந்து கணினி உலகிற்குள் வந்தது.

அடுத்த ஆண்டே அந்தப் பூட்டு திறக்கப்பட்டது என்பது வியப்பான செய்தி. ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் அவருடைய ஆய்வுக்குப் போதவில்லை. எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டு எடுத்து, மற்றவர் கணக்குகளில் நுழைந்து அவர் வேலை செய்தார். அவர் செய்தது தவறு. எனினும் இந்நிகழ்ச்சியில் பொறுப்பாளர்க்கும் ஒரு பாடம் உண்டு. தேவையைக் கேட்டறிந்து நிறைவேற்றும் வழி இல்லாத இடத்தில், எவ்வளவு வலிய பூட்டும் நெடுநாள் நிலைக்காது.

சுவருக்குள் ஒரு திரை

இதற்கு முற்றிலும் மாறான ஒரு முயற்சியும் நம் நாட்டில் நடந்தது. கொல்கத்தாவில் பிறந்து, யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றவர் சுகதா மித்ரா. அவர் 1999-ஆம் ஆண்டு சனவரி மாதம், தில்லியின் கால்காஜிப் பகுதியில் தாம் பணியாற்றிய நிறுவனத்தின் சுற்றுச்சுவரில் துளையிட்டு, அதில் ஒரு கணினியைப் பொருத்தினார். சுவருக்கு அப்பால் ஏழை மக்களின் குடியிருப்பு இருந்தது. கணினியைப் பற்றி எவரும் அங்கிருந்த சிறுவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அவர்கள் தாமாகவே தொட்டுப் பார்த்தும் ஒருவரையொருவர் கேட்டும், சுட்டுக்குறியை நகர்த்தவும் வலைப்பக்கங்களைத் திறக்கவும் படம் வரையவும் பழகினர்.

திரையில் கண்டவற்றுக்கு அவர்கள் தம் மொழியிலேயே பெயரிட்டதும் குறிப்பிடத்தக்கது. சுட்டுக்குறியை ‘சூயி’, அதாவது ஊசி என்றனர். கணினி வேலை முடிக்கும் வரை தோன்றும் மணற்கடிகார உருவத்தை ‘டமரு’, அதாவது உடுக்கை என்றனர். தொட்டுப் பழகுவதற்கு இடம் இருந்ததால்தான் இச்சொற்கள் பிறந்தன. எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் கற்றலும் சேர்ந்து பூட்டப்படும் என்பதை இதனால் உணரலாம்.

அவ்வாறாயின், பள்ளிக் கணினியையும் பூட்டின்றித் திறந்தே வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். விடை காண, திரையில் எவையெவை மாறுகின்றன என்பதை முதலில் பார்ப்போம்.

திரையில் மாறுபவை

திரையில் தோன்றும் ஒவ்வோர் உருவமும் மிகச்சிறிய படப்புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என்னும் அளவுடைய திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. இவ்வளவைப் பிரிதிறன் என்பர். பிரிதிறனை 1024, 768 என்று குறைத்தால், 7,86,432 புள்ளிகளைக் கொண்ட படத்தையே அத்திரை இழுத்து நிரப்ப வேண்டியிருக்கும். அப்பொழுது எழுத்துகள் பருத்து மங்கும். பாடப் பக்கத்தின் ஒரு பகுதி திரைக்கு வெளியே சென்றுவிடும்.

பிரிதிறன், ஒளிர்வு, திரையின் திசை ஆகியவை பெரும்பாலும் கணினி முழுமைக்கும் உரியவை. ஒருவர் மாற்றினால் அடுத்து வருபவருக்கும் அம்மாற்றம் நிற்கும். சில கணினிகளில் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாலே திரை தலைகீழாகிவிடும். விளையாட்டாகச் செய்துவிட்டு ஒருவர் எழுந்து சென்றால், அடுத்த வகுப்பின் நேரம் அதனைச் சரிசெய்வதில் கழியும். 40 நிமிடப் பாடவேளையில் 5 நிமிடம் போனால், எட்டில் ஒரு பங்கு கற்றல் நேரம் போயிற்று என்று பொருள். இங்கே கடைமடைப் பயிராக நிற்பவர் அடுத்த வகுப்பு மாணவர்.

பின்னணிப் படமும் திரைக்காப்பும் வேறு வகையின. ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு இருந்தால், ஒருவர் வைத்த படம் மற்றவர் கண்ணில் படாது. எல்லோரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தும் கணினியில், ஒருவர் வைத்த படத்தை அனைவரும் பார்த்தாக வேண்டும். அது பிறரைப் புண்படுத்தும் படமாகவும் இருக்கக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

விண்டோஸ் இயங்குதளத்தில் பிரிதிறனை மாற்றினால், மாற்றம் நிலைக்கட்டுமா என்று கணினி கேட்கும். 15 நொடிகளுக்குள் விடை வராவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். திரையில் எதுவும் தெரியாமல் போனால் பயனர் விடை அளிக்க இயலாது என்பதை எண்ணிச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. திரை திடீரென இருண்டால் அஞ்சி விசைகளை அழுத்தாமல் சற்றுக் காத்திருங்கள்.

பூட்டும் முறைகள் மூன்று

முதல் முறை, கணக்குகளைப் பிரித்தல். நிர்வாகி ஒருவர் இருப்பார். மற்றவர் பொதுப்பயனர் ஆவர். கணினி முழுமைக்கும் உரிய அமைப்புகள் பலவற்றை மாற்றும் உரிமை நிர்வாகிக்கே உண்டு. நிர்வாகியின் கடவுச்சொல் நீர்க்கட்டியின் கையில் உள்ள மடையைப் போன்றது.

இரண்டாம் முறை, குறிப்பிட்ட அமைப்புகளை மட்டும் மறைத்தல். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000 இயங்குதளம், ‘குரூப் பாலிசி’ என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இதனைக் கொண்டு ஓர் அறையில் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதிகளை வகுக்கலாம். பின்னணிப் படத்தை மட்டும் பூட்டலாம். திரைக்காப்பை மட்டும் பூட்டலாம். திரையமைப்புப் பக்கம் முழுவதையும் திறக்க இயலாதபடி செய்யலாம். லினக்ஸ் வகை இயங்குதளங்களிலும் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு.

மூன்றாம் முறை, மாற்றவிட்டுப் பின்னர் மீட்டல். வகுப்பு முடிந்ததும் கரும்பலகையைத் துடைத்து அடுத்த ஆசிரியருக்கு விட்டுச் செல்வதை ஒத்தது இது. பள்ளி, நூலகம் ஆகிய இடங்களின் பொதுக்கணினிகளுக்கென மைக்ரோசாப்ட் நிறுவனம் ‘ஸ்டெடிஸ்டேட்’ என்னும் கருவியை 2007-ஆம் ஆண்டு இலவசமாக வழங்கியது. கணினியை மீண்டும் தொடங்கியவுடன், முன்னர் இருந்தவர் செய்த மாற்றங்கள் நீங்குமாறு அதில் அமைக்க முடிந்தது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அக்கருவி நிறுத்தப்பட்டாலும், அதே பணியைச் செய்யும் வேறு கருவிகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. தொட்டுப் பழகும் உரிமையையும் அடுத்தவர் நலத்தையும் ஒருங்கே காக்க இம்முறை உதவுகிறது.

பூட்டுக்குள் அகப்பட்ட தமிழ்

பூட்டு தன் எல்லையைக் கடந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழின் வரலாற்றிலேயே சான்று உண்டு.

2001-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, உலகெங்கும் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. அதில் தமிழ் இருந்தது. ஆனால் தானாக வெளிப்படவில்லை. மொழியமைப்புப் பக்கத்திற்குச் சென்று, சிக்கலான வரிவடிவங்களுக்குரிய கோப்புகளை நிறுவுக என்னும் கட்டத்தில் குறியிட வேண்டும். அதற்கு நிர்வாகியின் உரிமை வேண்டும். பெரும்பாலும் நிறுவல் குறுந்தகடும் வேண்டும். சொந்தக் கணினி உடையவர் இதனைச் செய்துகொண்டார். உலாவல் மையத்திலோ நூலகத்திலோ பூட்டப்பட்ட கணினியின் முன் அமர்ந்தவர் என்ன செய்ய இயலும்? ஒருங்குறித் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தோன்றின. அல்லது கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. தாய்மொழியில் வந்த மடல் கண்முன் இருந்தும் படிக்க முடியாத நிலை அது.

அங்கே எவரும் தமிழைத் தடுக்க எண்ணவில்லை. திரையை எவரும் கெடுத்துவிடலாகாது என்றே பூட்டினர். ஆனால், படிப்பதற்கு இன்றியமையாத அமைப்பும் அதே பூட்டுக்குள் அகப்பட்டது. 2007-ஆம் ஆண்டு பொதுமக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்டாவில், இந்திய மொழி எழுத்துகளைக் காட்டும் வசதி தொடக்கத்திலேயே சேர்ந்திருந்தது. அதன் பின்னரே இவ்விடர் படிப்படியாக மறைந்தது.

தமிழ்நாட்டுக்கு வெளியே பயிலும் உங்களுக்கு இச்செய்தி நெருக்கமானது. ஒருங்குறி எழுத்துருவும், தமிழ்நாடு அரசு 1999-ஆம் ஆண்டு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகை போன்றதொரு தட்டச்சு அமைப்பும் பள்ளிக் கணினியில் இருந்தால்தான், தமிழ்ப்பாட வேலையை அதில் செய்ய முடியும். பூட்டிய கணினியில் அவற்றை நீங்களாகச் சேர்க்க இயலாது. கேட்டுப் பெறவே இயலும். கேட்பது குறை கூறுவது ஆகாது. கடைமடை உழவர் நீர்க்கட்டியிடம் முறையிடுவதைப் போன்ற உரிமை அது.

காண்பதற்கே தடையானால்

திரையில் உள்ள எழுத்தின் அளவு ஒருவருக்கு அழகு பற்றியது. மற்றொருவருக்கு அது படிப்பா, படிப்பின்மையா என்பது பற்றியது. குறைந்த கட்புலன் உடைய மாணவருக்குப் பெரிய எழுத்து வேண்டும். வெண்மைப் பின்னணியில் கண் கூசுபவருக்குக் கருமைப் பின்னணியில் வெள்ளெழுத்து வேண்டும். நிறங்களை வேறுபடுத்திக் காண இயலாதவருக்கு வேறு நிறச்சேர்க்கை வேண்டும். திரையமைப்புப் பக்கம் முழுவதையும் பூட்டினால், குறும்பு செய்பவரோடு இவர்களும் வெளியே நிறுத்தப்படுவர்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. பார்வையின்மையும் குறைந்த பார்வையும் அவற்றுள் அடங்கும். அன்றாடம் பயன்படும் மின்னணுப் பொருள்கள் அனைவருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆகவே, தேவை உடைய மாணவருக்குத் தனிக்கணக்கு ஒன்றை அமைத்து, அதில் எழுத்தளவையும் நிறத்தையும் அவருக்கு ஏற்றவாறு வைத்துத் தருவது சலுகை ஆகாது, கடமையே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

பொதுவான திரையமைப்பை மாற்றாமலே எழுத்தைப் பெரிதாக்கலாம். உலாவியில் கண்ட்ரோல் விசையுடன் கூட்டல் விசையை அழுத்தினால் பக்கம் பெரிதாகும். கண்ட்ரோல் விசையுடன் சுழியத்தை அழுத்தினால் பழைய அளவுக்குத் திரும்பும். விண்டோஸ் 7 முதலான இயங்குதளங்களில் விண்டோஸ் விசையுடன் கூட்டல் விசையை அழுத்தினால் உருப்பெருக்கி திறக்கும். விண்டோஸ் விசையுடன் எஸ்கேப் விசையை அழுத்தினால் அது மூடிக்கொள்ளும். பயன்படுத்திய பின் பழைய நிலைக்குக் கொண்டுவர மறவாதீர்கள்.

மூன்று வினாக்கள்

எதைப் பூட்டலாம், எதைப் பூட்டலாகாது என்று முடிவு செய்ய மூன்று வினாக்களைக் கேட்டால் போதும்.

1. நான் எழுந்து சென்ற பின்னும் இம்மாற்றம் நிற்குமா?
2. அதனால் அடுத்து வருபவருக்கு இடர் உண்டாகுமா?
3. இம்மாற்றம் இல்லாவிட்டால் ஒருவர் திரையைப் படிக்கவே இயலாமற் போகுமா?

முதலிரண்டு வினாக்களுக்கும் ‘ஆம்’ என்பது விடையானால் பூட்டலாம். மூன்றாம் வினாவிற்கு ‘ஆம்’ என்பது விடையானால் வழி திறந்தே இருக்க வேண்டும். மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை வந்தால், அங்கேதான் பொறுப்பாளரின் அறிவு வேண்டப்படுகிறது. தனிக்கணக்கு, மீட்டல் முறை, பொறுப்பாளரே நேரில் வந்து மாற்றித் தருதல் ஆகியவற்றுள் ஏற்றதொன்றை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வினாவிற்கே ‘இல்லை’ என்று விடை வருமானால், அம்மாற்றத்தைப் பூட்டுவதற்குக் காரணமே இல்லை. மாணவர் அதனைத் தொட்டுப் பழகட்டும்.

பூட்டு என்பது தண்டனை ஆகாது. அடுத்தவர் முறையைக் காக்கும் ஏற்பாடு அது. அதே பூட்டு ஒருவருடைய முறையையே பறிக்குமானால் அதனைத் திருத்தியமைக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

மடை – ஏரி நீர் வெளிச்செல்லும் வாயில்
தலைமடை – வாய்க்காலின் தொடக்கத்தில் உள்ள பாசனப்பகுதி
கடைமடை – வாய்க்காலின் முடிவில் உள்ள பாசனப்பகுதி
முறையிடுதல் – குறையை உரியவரிடம் எடுத்துரைத்தல்
இடர் – துன்பம்
கட்புலன் – பார்க்கும் ஆற்றல்
ஒருங்கே – ஒரே நேரத்தில், சேர்த்து
ஆவன – செய்ய வேண்டியவை

கலைச்சொல் அறிவோம்

திரையமைப்பு – டிஸ்ப்ளே செட்டிங்ஸ்
பிரிதிறன் – ரெசொல்யூஷன்
படப்புள்ளி – பிக்சல்
ஒளிர்வு – பிரைட்னஸ்
திரைக்காப்பு – ஸ்கிரீன் சேவர்
நிர்வாகி – அட்மினிஸ்ட்ரேட்டர்
கடவுச்சொல் – பாஸ்வேர்டு
எழுத்துரு – ஃபாண்ட்
ஒருங்குறி – யூனிகோட்

இலக்கணம் அறிவோம்: ஏவலும் வியங்கோளும்

‘நீ திரையை அணை’, ‘நீங்கள் திரையை அணையுங்கள்’ என்பன ஏவல் வினைமுற்றுகள். இவை முன்னால் இருப்பவரை நோக்கியே வரும்; ஒருமை, பன்மை வேறுபாடும் இவற்றிற்கு உண்டு.

‘திரையை அணைக்க’, ‘அமைதி காக்க’, ‘தமிழ் வாழ்க’ என்பன வியங்கோள் வினைமுற்றுகள். இவை க, இய, இயர் முதலிய விகுதிகளைப் பெறும். வாழ்த்துதல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் வரும். இருதிணை, ஐம்பால், மூவிடம் அனைத்திற்கும் பொதுவாக நிற்கும். எதிர்மறையில் ‘மாற்றற்க’, ‘செல்லற்க’ என அமையும்.

பொது இடத்து அறிவிப்பு யாரேனும் ஒருவரை மட்டும் நோக்கியதன்று. சிறியவர், பெரியவர், மாணவர், ஆசிரியர் அனைவருக்கும் அது பொதுவானது. ஆகவே அறிவிப்பு எழுத வியங்கோள் பொருத்தமாக அமைகிறது.

மாதிரி அறிவிப்பு

கணினி அறை
• தத்தம் கணக்கில் மட்டும் நுழைக.
• பொதுவான திரையமைப்பை மாற்றற்க.
• பெரிய எழுத்து வேண்டுவோர் பொறுப்பாசிரியரிடம் கூறுக.
• செல்லும் முன் கணக்கிலிருந்து வெளியேறுக.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. இந்தியாவில் நிறுவப்பெற்ற முதல் மின்னணுக் கணினி வந்து சேர்ந்த இடம் __________
(தில்லி / சென்னை / கொல்கத்தா)

2. கால்காஜிச் சிறுவர்கள் ‘டமரு’ என்று பெயரிட்டது __________
(சுட்டுக்குறியை / மணற்கடிகார உருவத்தை / விசைப்பலகையை)

3. ‘கட்புலன்’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது __________
(கட் + புலன் / கண் + புலன் / கட்டு + புலன்)

4. ‘முதல் + கணினி’ என்பதனைச் சேர்த்து எழுதக் கிடைப்பது __________
(முதகணினி / முதல்க்கணினி / முதற்கணினி)

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. ஏரியின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் __________ பொறுப்பு.
2. பிரிதிறனை மாற்றினால் கணினி விடைக்காக __________ நொடி காத்திருக்கும்.
3. 2016-ஆம் ஆண்டின் சட்டம் __________ வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது.

இ. ஏவலை வியங்கோளாக மாற்றி எழுதுக.

1. நீ கணக்கிலிருந்து வெளியேறு. __________
2. நீங்கள் கடவுச்சொல்லைப் பகிராதீர்கள். __________
3. நீங்கள் நாற்காலியை உரிய இடத்தில் வையுங்கள். __________

ஈ. குறுவினா

1. நீர்க்கட்டியின் இரு கடமைகள் யாவை?
2. பின்னணிப் படத்திற்கும் பிரிதிறனுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. கடவுச்சொல் ஏன் தேவைப்பட்டது?

உ. சிறுவினா

1. பொதுக்கணினியைப் பூட்டும் மூன்று முறைகளையும் விளக்குக.
2. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் தமிழ் படிக்க இயலாமற் போனது ஏன்?
3. ஆலன் ஷெரின் செயலிலிருந்து பயனரும் பொறுப்பாளரும் அறிய வேண்டியவை யாவை?

ஊ. சிந்தனை வினா

கீழ்க்காணும் மூவருள் யாருடைய கோரிக்கையை ஏற்பீர்கள்? பாடத்தில் உள்ள மூன்று வினாக்களையும் கேட்டு, காரணத்துடன் எழுதுக.

1. தனக்குப் பிடித்த கிரிக்கெட் வீரரின் படத்தை, அனைவரும் பயன்படுத்தும் கணக்கில் பின்னணியாக வைக்க விரும்பும் மாணவர்.
2. கண்ணாடி அணிந்தும் சிறிய எழுத்தைப் படிக்க இயலாத மாணவி.
3. தமிழ்க் கட்டுரையைத் தட்டச்சு செய்யத் தமிழ் விசைப்பலகை கேட்கும் மாணவர்.

மொழியை ஆள்வோம்: விண்ணப்பம் எழுதுதல்

பள்ளிக் கணினி அறையில் தமிழ் எழுத்துருவும் தமிழ் விசைப்பலகையும் அமைத்துத் தருமாறு முதல்வருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக. கீழ்க்காணும் குறிப்புகளைப் பயன்படுத்துக.

அனுப்புநர் – பெறுநர் – பொருள் – மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர் – தேவை என்ன – எந்த வகுப்புகளுக்குப் பயன்படும் – மாணவர்களாகிய நாங்கள் ஏற்கும் பொறுப்பு – நன்றி – இடம், நாள் – இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள

செய்து கற்போம்

1. உங்கள் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் கேட்டு, சொந்த ஊரில் ஏரி, குளம், கிணறு ஆகியவற்றின் நீரை எவ்வாறு பகிர்ந்துகொண்டனர் என்பதைப் பத்து வரிகளில் எழுதுக. மடையைக் காப்பவருக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்பதையும் குறிப்பிடுக.

2. திருக்குறளில் ‘ஒப்புரவறிதல்’ என்னும் அதிகாரத்தில் ஊரார் நீர் உண்ணும் ஊருணி உவமையாக வந்துள்ளது. அக்குறளைக் கண்டறிந்து எழுதி, பொதுக்கணினியோடு அதனைப் பொருத்திக் காட்டுக.

3. கால்காஜிச் சிறுவர்களைப் போல, கணினித் திரையில் நீங்கள் காணும் ஐந்து உருவங்களுக்குத் தமிழில் பெயர் சூட்டுக. அவற்றுக்கு உங்கள் வங்காள நண்பர்கள் என்ன பெயர் சூட்டுவர் என்பதையும் கேட்டு அருகில் தமிழ் எழுத்தில் எழுதுக.

வாழ்வில் கடைப்பிடிப்போம்

• பொதுக்கணினியை நான் கண்ட நிலையிலேயே அடுத்தவருக்கு விட்டுச் செல்வேன்.
• எனக்குத் தேவையான மாற்றத்தை உரியவரிடம் கேட்டுப் பெறுவேன்.
• திரையைப் படிக்க இடர்ப்படும் நண்பருக்காக நானும் சேர்ந்து கேட்பேன்.